பச்ச வண்டிக்கு முன்னால் நடந்தவன்

தாசண்ணன் போன வாரம் இறந்துபோனார். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து அவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ், என் வீட்டு கேட்டுக்கு இருபதடி முன்னால், தண்ணீரைப் பார்த்து நின்றுவிட்டது. நாலு நாளாக விடாத துலா மழை, நீங்கள் ஐப்பசி மழை என்பீர்கள். மாங்குழி ஏலாவின் தாழ்வில் ரோடு இருந்த இடமே தெரியவில்லை. இந்தக் கரையில் என் வீடு. அந்தக் கரையில், தென்னைகளுக்கு நடுவே, தாசண்ணனின் ஓட்டு வீடு. அங்கே பந்தல் போட்டு, நாற்காலி வரிசையாகப் போட்டு, ஆட்கள் குடையோடு காத்து நிற்பது என் மாடியிலிருந்தே தெரிந்தது. ஏலா என்றால் வயல்வெளி. இப்போது வந்து பார்த்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், வயல் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு சாண் இடம் கிடையாது.

ஆம்புலன்ஸ் என்ஜினை அணைக்காமல் நின்றது. டீசல் புகையும் நனைந்த புல்லின் வாசனையும் சேர்ந்து மாடிக்கு ஏறி வந்தன. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். முப்பது வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். மழை என்றதும் கட்டன் சாயா, அவித்த மரச்சீனி என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு மழை என்றால் பச்ச வண்டி. சொல்கிறேன், கேளுங்கள். நான் நல்லவனாக வருகிற கதை இல்லை இது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பச்ச வண்டி, வெள்ளறடையில் புறப்பட்டு எங்கள் ஊரான கொல்லயில் வழியாக நெய்யாற்றின்கரைக்குப் போகும் தனியார் பஸ். முன்கண்ணாடியில் ஏதோ சாமி பெயர் எழுதியிருக்கும். அதைச் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. பச்ச வண்டி போயாச்சா, பச்ச வண்டி வந்தாச்சா, அவ்வளவுதான். ஏறினதும் ரப்பர் ஷீட்டின் புளித்த நாற்றம் மூக்கில் அடிக்கும். வெள்ளறடைக்காரர்கள் ஷீட்டுக் கட்டை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, தங்களுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்கிற முகத்தோடு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள். நான் அப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு டுட்டோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வண்டி ஓட்டுகிற தாசண்ணன் என்னைக் கண்டால் முன் சீட்டில் போட்டிருக்கும் தன் துண்டை எடுத்துக்கொள்வார். "மக்கா, இங்க இரி" என்பார். அந்த ஊரில் எனக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரே இடம் அதுதான்.

துலாம் பிறந்தால் ஏலாத் தண்ணீர் ரோட்டுக்கு மேல் ஏறும். அந்த இடத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கிவைத்து மூச்சுவிட, ராஜா காலத்தில் நட்டது. தண்ணீர் அந்தக் கல்லின் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் வண்டி திரும்பிவிடும். ஏறாவிட்டால் போகலாம். ஆனால் சும்மா போகக் கூடாது. ராஜம்மை அக்கா முன்னால் நடக்க வேண்டும்.

ராஜம்மை அக்கா ஏலா வரப்பில் புல்லறுத்து நெய்யாற்றின்கரையில் விற்கிறவர். நாற்பது வயசிருக்கும். தலையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட், கையில் அரிவாள், முட்டுக்கு மேல் ஏற்றிச் செருகிய முண்டு. நடுரோட்டில் இறங்கி, உள்ளங்காலால் தாரைத் தடவித் தடவி நடப்பார். வண்டி அவர் பின்னால் ஊரும். தாசண்ணன் விளையாட்டுக்கு ஹாரனைத் தொட்டால் போதும். "எனக்க முதுகுல ஏத்ததுக்கா வாற, தாசே? பைய வாடே!" என்று திரும்பிப் பார்க்காமலே ஒரு சத்தம் வரும். வண்டிக்குள் எல்லோரும் சிரிப்பார்கள். அக்கரை சேர்ந்ததும் அவருடைய இரண்டு புல்லுக்கட்டும் வண்டியின் மேலே ஏறும், அவரும் ஏறிக்கொள்வார். டிக்கெட் கிடையாது. எந்த ஆபீசும் உத்தரவு போட்டுச் செய்த ஏற்பாடு இல்லை. அந்த அக்காவின் காலை தாசண்ணன் நம்பினார், தாசண்ணனை நாங்கள் நம்பினோம்.

அன்றைக்கு எனக்கு திருவனந்தபுரத்தில் சர்க்கார் வேலைக்கு இன்டர்வியூ. புதிதாகத் தைத்த பேன்ட். பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய ஷூவை, நனைந்துவிடும் என்று துணிக்கடைக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தேன். சர்டிபிகேட்டுகள் இன்னொரு கவரில். யாராவது பார்த்திருந்தால் வீடு வீடாகத் துணி விற்கிறவன் என்றுதான் நினைத்திருப்பார்கள். மழை அடித்துக் கொட்டியதில் வண்டியின் படுதாக்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டு. முன் சீட்டில் இருந்த எனக்கும் தாசண்ணனுக்கும் மட்டும்தான் வெளியே தெரிந்தது. சுமைதாங்கியில் தண்ணீர் பாதிக்குக் கீழேதான் நின்றது. ராஜம்மை அக்காவைக் காணவில்லை.

"பசு கன்னு போடுதாம் மக்கா. கால் மணிக்கூர்ல வந்திருவா" என்றார் தாசண்ணன்.

"நெய்யாத்தின்கரையில எட்டு மணி வண்டிய விட்டா எனக்க காரியம் முடிஞ்சு அண்ணே."

"அதுக்கு? ஆளில்லாம வெள்ளத்துல எறக்கச் சொல்லுதியா?"

"நான் நடக்கியேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போன ரோடாக்கும் இது. எனக்கு அறியாதா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ஒறப்பாத்தான் சொல்லுதியா மக்கா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, கவர்களைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையோடு இறங்கினேன். ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரிந்த குழி. ஒவ்வொரு கல்லும் என் காலுக்குப் பழக்கம். திரும்பி நின்று "வாங்க, வாங்க" என்று குடையை ஆட்டினேன். பச்ச வண்டி என் பின்னால் வந்தது. ஒரு பஸ்ஸையே கூட்டிக்கொண்டு போகிறோம் என்று என்ன பெருமை அப்போது எனக்கு! மடையன்.

எனக்குத் தெரிந்திருந்தது நடக்கிறவனின் ரோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை நடுரோட்டில் நடக்குமா? பத்து வருஷம் வண்டிக்கு ஒதுங்கி ஒதுங்கி இடது ஓரத்திலேயே நடந்தவன் நான். தண்ணீருக்குள் என் கால் தேடிப் போனதும் அந்த ஓரத்தைத்தான். ராஜம்மை அக்கா ஏன் நடுவில் தடவித் தடவி நடந்தார் என்பதை அத்தனை மழைக்காலம் முன் சீட்டில் இருந்து பார்த்தும் நான் யோசித்ததில்லை. ரோட்டுக்கு அடியில் தண்ணீர் கடக்கும் கலுங்கின் பக்கத்தில் வந்தபோது, என்னைத் தாங்கிய மண் முன் சக்கரத்தைத் தாங்கவில்லை. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தால் பச்ச வண்டி ஏலாப் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அலறியது அதற்குப் பிறகுதான்.

யாரும் சாகவில்லை. ஒரு அம்மாவுக்கு மணிக்கட்டு ஒடிந்தது. தாசண்ணனுக்கு ஸ்டியரிங் நெஞ்சில் இடித்து மூச்சு முட்டியது. நான் முன்னால் நடந்ததைத் தூரத்திலிருந்தே கண்டு, ராஜம்மை அக்கா கன்று எடுத்த கையோடு கரையில் ஓடி வந்தார். "ஓரத்துலயாடே வண்டிய நடத்துனே, பாவி!" என்று அங்கேயே நின்று கத்தினார். ஆட்கள் ஒவ்வொருவராக வலப்பக்கத்து ஜன்னல் வழியே இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அக்கரைக்கு நடந்தேன். அங்கே ஒரு ஜீப் திரும்பி நின்றது. ஏறிக்கொண்டேன். தலையில் இருந்த கவர் இரண்டும் நனையவே இல்லை.

இன்டர்வியூவில் ஒரு பெரியவர் என் ஈரப் பேன்ட்டைப் பார்த்துவிட்டு, எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டார். சொன்னேன். அப்படியென்றால் நெய்யாறு எங்கே உற்பத்தியாகிறது, சொல் பார்ப்போம் என்றார். அகஸ்தியர் மலையில் என்றேன். சிரித்தார்கள். வேலை கிடைத்தது.

கிடைத்தது என்றால், சேருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை ஒன்று உண்டு, ஆள் மேல் கேஸ் ஏதாவது இருக்கிறதா என்று. அந்தச் சமயம் பார்த்து பச்ச வண்டியின் முதலாளி எங்கள் முற்றத்துக்கு வந்தார். கூட தாசண்ணனும் ராஜம்மை அக்காவும். தாசண்ணன் நெஞ்சில் கட்டுப் போட்டிருந்தார்.

"பிள்ளே, நீ முன்னால நடந்துதான் வண்டி வந்துதுன்னு இவன் சொல்லுதான். உள்ளதா?" என்று முதலாளி கேட்டார்.

தாசண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நான் உள்ளதைச் சொல்லிவிடுவேன் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல" என்றேன். "அண்ணன் வண்டிய எறக்கின பிறவுதான் நான் பயந்து சாடி ஓடினேன்."

"எலே!" என்றார் ராஜம்மை அக்கா. "நான் கண்டேனே! எனக்க ரெண்டு கண்ணால கண்டேனே!"

முதலாளி அந்த அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "படிச்ச பிள்ள கள்ளம் பறயுமா? நீ உனக்க புல்லப் பாரு" என்றார். அவ்வளவுதான் விசாரணை. ஒரு வாத்தியாரின் சொல்லுக்கு எதிராக ஒரு புல்லுக்காரியின் கண் எந்தக் கணக்கில் வரும்? தாசண்ணன் அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். "செரி மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வண்டியை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

அடுத்த துலா மழையில் பச்ச வண்டி புது டிரைவரோடு வந்து தண்ணீர்க்கரையில் நின்று ஹாரன் அடித்தது. ராஜம்மை அக்கா வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆட்கள் போய்க் கூப்பிட்டார்கள். "படிச்சவனுவ உண்டே, நடக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். அதற்குப் பிறகு அந்த ஏலாவில் எந்த வண்டிக்கும் முன்னால் யாரும் நடந்ததில்லை. புல்லுக்கட்டைத் தலையில் சுமந்தே நெய்யாற்றின்கரைக்குப் போனார், அவ்வளவு தூரமும். கடைசியில் மகளோடு களியக்காவிளைப் பக்கம் போய், அங்கேயே இறந்தார். சாவுக்குப் போக எனக்கு முகமில்லை.

தாசண்ணன் டிப்பர் ஓட்டினார். வெள்ளறடைப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, செம்மண்ணை இறக்கி, ஏலாக்களை நிரப்புகிற வேலை. நான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீடு கட்ட வாங்கியதும் மாங்குழி ஏலாவில்தான். ஒருநாள் காலையில் மண்ணோடு வந்த டிப்பரிலிருந்து இறங்கியவர் தாசண்ணன். அவர் சாதாரணமாக மனையைச் சுற்றிப் பார்த்தார். "இன்னும் பத்து லோடு அடிக்கணும் சார். தண்ணி எல்லாம் இங்க வந்துதான் கெடந்தது. இனி அது ரோட்டுலதான் ஏறும், பாத்துக்கிடுங்கோ" என்றார். மக்கா என்றவர் சார் என்றதற்குப் பதில், அன்றைக்கு முற்றத்தில் வைத்து என் கன்னத்தில் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. எனக்குப் பின்னால் இன்னும் பதினைந்து வீடுகள் வந்தன, மதில்கள் வந்தன. கலுங்கு மண் மூடிப்போனது. ரோட்டை இரண்டு தடவை உயர்த்தினார்கள். அதற்காகச் சுமைதாங்கியைப் பிடுங்கி உள்ளே போட்டு மேலே தார் ஊற்றிவிட்டார்கள். தண்ணீருக்கு என்ன தெரியும், தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது. வந்து பார்த்தால் என் கார் ஷெட் இருக்கிறது.

சரி, ஆம்புலன்ஸுக்கு வருகிறேன். ஓட்டி வந்தவன் சின்ன வயசுக்காரன், வெளியூர். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, "சேட்டா, இதிலே போகாமோ? ரோட்டுக்க அதிரு எவிடயாக்கும்?" என்று என் வீட்டைப் பார்த்துக் கேட்டான். ரோட்டின் அதிர், அதாவது எல்லை, எங்கே என்று தெரிந்தவர்களில் மிச்சமிருப்பது நான் ஒருத்தன்தான். மாடியிலிருந்து இறங்கினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். குடையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, நேரே நடுரோட்டுக்குப் போனேன். உள்ளங்காலால் தடவித் தடவி, தாரின் மேடு காலில் தட்டுப்படும்வரை. இந்தத் தடவை தப்பில்லை, எனக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பி நின்று "வா" என்று கையைத் தூக்கினேன்.

முன் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. தாசண்ணனின் மகள் ஷைலா. நான் பொய் சொன்ன அன்றைக்கு அது கைக்குழந்தை.

"சார் முன்னால நடக்கண்டாம்" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு அந்தப் பையனிடம், "வண்டியத் திருப்புங்க, பாறசாலை வழி சுத்திப் போவலாம்" என்றாள். அவன் ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். எதிர்க்கரையில் பந்தலும், வெள்ளை நாற்காலிகளும், குடைகளும் தெரிந்தன. கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆம்புலன்ஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, பாறசாலைக்குப் போனது.

நான் அங்கேயே நின்றேன். முழங்காலளவு தண்ணீரில், நடுரோட்டில், ராஜம்மை அக்கா நடந்த அதே இடத்தில். பின்னால் வண்டி இல்லை.