சந்தனம் வைத்த நிலா

விஜயதசமி காலை சாமியறைக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். என் கணவரின் மடிக்கணினி, கார்ச் சாவி, மகளின் புத்தகங்கள், நடுவே என் பலகை. எல்லாவற்றுக்கும் போல அதற்கும் அவர் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்.

மிசிசாகாவில் விமான நிலைய வேலை முடிந்து வந்து, மில்லிக்கனில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றில் கோடை முழுக்கச் செதுக்கிய பலகை அது. ஜப்பானியரின் பழைய மர அச்சு முறை: ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை, தண்ணீர் வண்ணம், ஈரத்தாள். இலையுதிர்கால ஆறும் மேலே முழு நிலாவும்தான் படம். நிலாவுக்கு நிறம் கிடையாது. வானத்துப் பலகையில் நிலாவின் இடத்தைக் குழியாகத் தோண்டிவிட வேண்டும். நிறம் படாத தாளே நிலாவாகிவிடும். அந்தக் குழிக்குள்தான் மனுஷன் பொட்டு வைத்திருந்தார்.

மத்தியானத்துக்குள் படத்தைக் கண்காட்சிக்குக் கொடுக்க வேண்டும். என் முதல் கண்காட்சி. ஆற்றுப் பகுதியை ஏற்கெனவே அச்சிட்டிருந்தேன். தேறியது ஒரே ஒரு தாள். வானம் மட்டும் பாக்கி. பலகையைக் கீழே கொண்டுபோய் ஊசியால் சந்தனத்தைக் கிளறி எடுத்தேன். குங்குமச் சிவப்போ மரத்துக்குள் ஊறிவிட்டிருந்தது. ஈரத்தாள் கொஞ்சம் தொய்ந்து குழியைத் தொட்டாலும் எல்லாம் போச்சு.

பின்னாலேயே வந்து படியில் நின்றவரைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஆரைக் கேட்டு இதை எடுத்தனீங்கள்? ஒருநாளாவது நான் என்ன செய்யிறன் எண்டு பார்த்தனீங்களோ?”

“உது உம்மட ஆயுதம்தானே. குழிக்குள்ள வைச்சால் தாளில வராது எண்டுதான் அங்க வைச்சனான்.”

“வராதெண்டு ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. பின்னேரத்தில உந்தப் படியில நிண்டு பார்க்கிறனான். கிட்ட வந்தால் உமக்குக் கை நடுங்கும் எண்டு வாறேல்லை.”

எனக்குக் கோபம் போகவில்லை. பலகையில் கருநீலம் பூசித் தாளை வைத்தேன். தாளின் முதுகில் தேய்க்கும் தட்டை நிலாவின் ஓரம்வரை கொண்டுபோய், உள்ளே அழுத்தாமல் திருப்பித் திருப்பி எடுத்தேன். மூச்சுவிடவே பயமாக இருந்தது.

தாளின் ஒரு பக்கத்தைத் தூக்கினேன். மறுபக்கம் மடியப் பார்த்தது.

“வந்து பிடியுங்கோ,” என்றேன்.

வந்தார். இருவருமாக மெல்லத் தூக்கினோம். நிலா வெள்ளையாக வந்திருந்தது. தாளைப் பிடித்திருந்த அவர் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. அதைக் கண்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.