டிராக்டரில் விறகு பிளந்த ஜுமைலா

கொச்சி மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் கல்யாணப் பிரியாணி வேகும் அடுப்புகளில் பாதிக்கு ஜுமைலாவின் கடை விறகுதான். இருபது வருடம் அதைக் கோடாலியால் பிளந்தவர் அவள் கணவர் மொய்து. போன வருடம் அவருடைய வலது தோள் நழுவியது. இனி கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூலிக்கு வந்தவர்கள் ரப்பர் கட்டையைப் பிளந்தார்கள். புளியங்கட்டையைக் கண்டதும் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கட்டை இழுக்க ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. அதன் பின்னால் பொருத்துகிற, விறகு பிளக்கும் இயந்திரம் ஒன்றை ஜுமைலா வாங்கினாள். டிராக்டரின் எண்ணெய்க் குழாயை அதில் மாட்டினால், எண்ணெயின் அழுத்தம் இரும்பு ஆப்பைக் கட்டைக்குள் தள்ளும். தள்ளத்தான் செய்தது. ஆனால் ஆப்பு போய்த் திரும்ப முக்கால் நிமிடம் ஆயிற்று.

“வண்டி சின்னது இத்தா. பெரிய டிராக்டர் வாங்கணும், வேற வழியில்ல” என்றான் இயந்திரத்தை விற்றவன்.

ஜுமைலாவுக்கு அது ஒப்பவில்லை. கட்டை நிறைந்த வண்டியை மேட்டில் ஏற்றுகிற இஞ்சினுக்கா பலம் இல்லை? மூன்று நாள் டிராக்டரையே சுற்றிவந்தாள். உழவுக் கருவிகளைச் சுழற்றுவதற்கென்று வண்டியின் பின்னால் ஒரு தண்டு இருந்தது. மட்டாஞ்சேரியில் உழவு ஏது? வாங்கிய நாளிலிருந்து அதற்கு வேலையே இல்லை.

களமசேரியில் பட்டறை நடத்தும் பாலக்காட்டுக்காரி விஷ்ணுப்ரியாவிடம் போனாள்.

“இஞ்சினுக்குப் பலம் உண்டு மோளே. உள்ள இருக்கற எண்ணெய்ப் பம்புதான் சின்னது. பின்னால உள்ள தண்டுல வேற ஒரு பம்பைச் சுத்த வெச்சா ஆகாதா?”

விஷ்ணுப்ரியா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். “இது யார் சொன்னா இத்தா?”

“ஆரும் சொல்லல. நானே பாத்தேன்.”

“ஆகும். ஆனா பம்புக்கு அந்த வேகம் போறாது. மூணு மடங்காக்க நடுவுல ஒரு கியர்பெட்டி வைக்கணும். எண்ணெய்க்குத் தனி டாங்கும் வேணும்.”

“வெச்சுடு. தண்டுக்கு மட்டும் நல்ல மூடி போட்டுடணும். தலையில போட்ட தட்டம் அதுல மாட்டினா நான் மிச்சமிருக்க மாட்டேன்.”

பத்தாவது நாள் எல்லாம் பொருத்தியாயிற்று. கூலிக்காரர்கள் ஒதுக்கிப்போட்ட, முண்டும் முடிச்சுமான ஒரு புளியங்கட்டையை ஜுமைலா உருட்டி வந்து வைத்தாள். மொய்து தள்ளி நின்றார்.

“இங்க வாங்க. லீவரை நீங்கதான் இழுக்கணும்.”

“எனக்குக் கை…”

“இடது கை போதும்.”

அவர் இழுத்தார். ஆப்பு இறங்கியது. கட்டை முனகியது, பிறகு பட்டென்று இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஆப்பு போய்த் திரும்பப் பத்து விநாடிகூட ஆகவில்லை. மொய்து தானே குனிந்து அடுத்த கட்டையை உருட்டினார். அன்று மத்தியானம் சோற்றுக்குக் கூப்பிட்டும் அவர் வரவில்லை.

அடுத்த மாதம், இயந்திரத்தை விற்றவன் இதைக் கேள்விப்பட்டு, தன் வாடிக்கையாளர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். “இது எந்தக் கம்பெனி செட்டிங்?” என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

ஜுமைலா வாய் திறப்பதற்குள் மொய்து முந்திக்கொண்டார்.

“கம்பெனி ஒண்ணும் இல்ல. எம் பொஞ்சாதி யோசிச்சது.”

ஜுமைலா தட்டத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவர்களுக்குக் காட்டுவதற்காக இருப்பதிலேயே பெரிய கட்டையைத் தேடிப் போனாள்.