நின்றால் சூடாகிற வண்டி

வாகனப் பிரிவில் அவருக்கு நியூட்ரல் என்று பெயர். எந்தச் சங்கத்திலும் சேராதவர், எந்தச் சண்டையிலும் பக்கம் சாயாதவர், சம்பளம் கூடினாலும் சுவர் இடிந்தாலும் ஒரே முகம் வைத்திருப்பவர் என்பதால் மற்ற டிரைவர்கள் சூட்டிய பெயர். மனைவி இறந்த மூன்றாம் நாள் டியூட்டிக்கு வந்து, வழக்கம்போல டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "வீட்டுல இருந்து என்ன பண்றது?" என்று மட்டும் கேட்டாராம். அது ஆகிறது இரண்டு வருடம். கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி தெரியவில்லை.

அவர் ஓட்டியது பதினெட்டு வயதான வெள்ளைக் கார். மனிதருக்குப் பதினெட்டில் ஓட்டுரிமை வரும், அலுவலகக் காருக்குக் கண்டம் வரும். கண்டம் பண்ணுவது என்றால், இது இனி ஓடத் தகாது என்று ஒரு குழு எழுதிக் கொடுத்து ஓரங்கட்டுவது. காரைக் கண்டம் பண்ணலாம். டிரைவரைக் கண்டம் பண்ண விதி இல்லை. ஆகவே ஷெட் வாசலில் ஒரு நீளமான பெஞ்சு போட்டிருந்தார்கள். கார் இழந்த ஏழு டிரைவர்கள் அதில் இருந்தார்கள். காலையில் ஒரு கையெழுத்து, மாலை ஐந்து மணிக்கு ஒரு கையெழுத்து, நடுவில் உலக அரசியல். எட்டாவது ஆளுக்கு இடம் விட்டே உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவு நல்லவர்கள். "உங்களுக்குத்தான் நியூட்ரல், தூசி தட்டி வெச்சிருக்கோம்" என்பார்கள்.

பெஞ்சின் மேல் நியூட்ரலுக்கு ஒரு புகாரும் கிடையாது, அந்த ஐந்து மணியைத் தவிர. கார் இருக்கும்வரை அவர் வீடு சேர எட்டரை ஆகும். பெஞ்சு என்றால் ஐந்தரைக்கே கதவைத் திறக்க வேண்டும். உள்ளே ஒரு கட்டில், ஒரு டி.வி., சத்தமில்லாத ஒரு சமையலறை. போதாததற்கு, ஏழரைக்கு மகள் கூப்பிடுவாள். கல்யாணமாகி வேறு ஊர் போனவள். "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். "வண்டியில இருக்கேன்மா" என்பார். உடனே வைத்துவிடுவாள். வண்டி ஓட்டுகிற அப்பாவிடம் போனில் பேசக் கூடாது என்று அம்மா பழக்கி வைத்திருந்தாள். இரண்டு வருடமாக அந்த ஒரு வாக்கியத்தில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது. கார் போனால் வாக்கியமும் போய்விடும்.

காருக்கு வந்த வியாதி விசித்திரமானது. ஓடுகிறவரை ஒன்றும் இல்லை. நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் சூட்டு முள் மெல்ல எழுந்து சிவப்புக் கோட்டை நோக்கிக் கிளம்பிவிடும். கண்டக் குழு வியாழக்கிழமை வருவதாகக் கடிதமும் வந்துவிட்டது. 'குறை: நிற்கையில் அதிக வெப்பம்.' இந்த அலுவலகத்தில் நிற்கும்போது சூடாகாதது எது என்று பெஞ்சு கேட்டது.

ஷெட் மெக்கானிக் மூன்று நாள் போராடினார். கூலன்ட் அளவு சரியாக இருந்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார். சூடானால் தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி டீ போடும் கெட்டிலில் கொதிக்க வைத்து, அது வாயைத் திறக்கிறதா என்று பார்த்தார்; திறந்தது. அன்று டீயில் ஒரு ருசி இருந்ததாகப் பெஞ்சு சொன்னது. ஃபேன் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தார். சுற்றியது.

"எவ்வளவு நேரம் நின்னா சூடாகுதுண்ணே?" என்று முதல் நாளே கேட்டிருந்தார்.

"சிக்னல்ல நிக்கிற மாதிரிதான். அஞ்சு நிமிஷம்" என்றார் நியூட்ரல்.

மெக்கானிக் ஐந்து நிமிடம் ஓடவிட்டார். முள் அசையவில்லை. ஒரு நிமிடம் கூட்டிப் போட்டு ஆறு நிமிடம் விட்டார். அப்போதும் அசையவில்லை. அப்படியானால் காருக்கு நோயில்லை, முள்ளுக்குத்தான் நோய் என்று முடிவு செய்து, சூட்டை அளக்கிற சென்சாரை மாற்றினார். மறுநாள் மாலை முள் மறுபடி ஏறியது.

நியூட்ரல் சொன்ன ஐந்து நிமிடம் பொய். அவர் பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் இது அவருடைய விஷயம் அல்ல.

அந்தக் காரில் போய்வந்தது ஒரு மேடம். அவர் பெயரைக் கேட்டால் ஃபைல்கள் தாமாகவே நகரும் என்பார்கள். ஆறு மணிக்கு அலுவலகம் விட்டால், ஆறு நாற்பதுக்கு அவர் வீடு இருக்கும் அடுக்குமாடியின் கேட். கேட்டுக்கு வந்தால் இறங்க வேண்டியதுதானே? மேடம் இறங்க மாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு, ஏசி ஓட, பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். தூக்கமில்லை, போன் இல்லை, அழுகை இல்லை. சும்மா. நியூட்ரல் இறங்கி மதில் ஓரம் நின்றுகொள்வார். ஏன் என்று அவர் கேட்டதில்லை, மேடமும் சொன்னதில்லை. இந்தப் பழக்கமும் காரின் வியாதியும் ஏறத்தாழ ஒரே மாதத்தில் தொடங்கியவை. அரை மணி நேரத்துக்குச் சற்று முன்னால் முள் சிவப்பைத் தொடப் போகும். அவர் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டி, "மேடம், சூடு ஏறுது" என்பார். மேடம் செருப்பை மாட்டிக்கொண்டு மேலே போவார்.

லாக் புத்தகத்தில் 'காத்திருப்பு' என்றொரு கட்டம் உண்டு. அதில் நியூட்ரல் தினமும் 'போக்குவரத்து நெரிசல்' என்று எழுதினார். அந்தத் தெருவில் போக்குவரத்து என்று சொன்னால் இரண்டு நாயும் ஒரு தண்ணீர் வண்டியும்தான்.

புதன்கிழமை மதியம் மெக்கானிக் பானட்டைச் சாத்தினார். இன்ஜினைத்தான் இறக்கிப் பார்க்க வேண்டும், இந்த வயதுக் காருக்கு அதற்கு அனுமதி தர மாட்டார்கள், கண்டம் என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டார். பெஞ்சில் ஏழு பேரும் இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நியூட்ரல் அந்த இடைவெளியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அரை மணி நேரம் நிக்கும்" என்றார்.

"எங்க?"

"நிக்கும்."

"ஏசி?"

"ஓடும்."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். "முதல் நாளே சொல்லியிருந்தா என் முட்டி தப்பிச்சிருக்கும்ணே." உள்ளே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்கவில்லை. பதினைந்து வருடமாக அதிகாரிகளின் காருக்கு அடியில் படுத்து எழுந்தவர். மேலே ஏதாவது ஒழுகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரியும்.

ஏசியைப் போட்டு அரை மணி நேரத்துக்கு விட்டார்கள். பதினெட்டாவது நிமிடம் முள் சோம்பல் முறித்தது. மெக்கானிக் காரின் முன்பக்கம் போய், கிரில்லுக்கு எதிரே உள்ளங்கையை வைத்தார். சூடான காற்று கையில் அடித்தது. "ஒரு பேப்பர் குடுங்க" என்றார். நியூட்ரல் சட்டைப் பையில் இருந்தது ஒரே பேப்பர், கண்டக் குழுவின் கடிதம். அதை வாங்கி கிரில் மேல் வைத்தார். முன்னாலிருந்து காற்றை இழுக்கிற ஃபேனாக இருந்தால் பேப்பர் அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். கடிதம் பறந்து போய்ப் பெஞ்சின் காலடியில் விழுந்தது.

ஐந்து மாதம் முன்பு ஃபேன் மோட்டார் மாற்றியபோது இரண்டு வயர்களை இடம் மாற்றி மாட்டியிருந்தார்கள். ஃபேன் தலைகீழாகச் சுற்றி, இன்ஜினின் சூட்டையே எடுத்து ரேடியேட்டரின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. கார் ஓடும்போது எதிர்க்காற்று சமாளித்தது. நின்றால் சமாளிக்க ஆளில்லை.

"சுத்துது சுத்துதுன்னு எல்லாரும் பார்த்தோம். எந்தப் பக்கம் சுத்துதுன்னு ஒருத்தனும் பார்க்கலை" என்றார் மெக்கானிக். பிறகு குரலைத் தாழ்த்தி, "மோட்டாரை மாட்டினது யாருன்னு மட்டும் கேட்டுறாதீங்க" என்றார்.

வயரை மாற்ற நான்கு நிமிடம். கடிதத்தை எடுத்து வந்து மறுபடி வைத்தார்கள். தபால்தலை மாதிரி ஒட்டிக்கொண்டது.

வியாழக்கிழமை குழுவில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் முள்ளைப் பார்த்தார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருவர் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் முள் நடுவிலேயே நின்றது. மேலும் இரண்டு ஆண்டு ஓடலாம் என்று எழுதினார்கள். பெஞ்சு கொஞ்சம் மனத்தாங்கலோடு பழையபடி பரவி உட்கார்ந்தது.

அன்று மாலை மேடம் வழக்கம்போல கண்ணை மூடினார். நியூட்ரல் மதில் ஓரம் நின்றார். இருபத்தைந்து நிமிடம் ஆனது, முள் நடுவில். முக்கால் மணி ஆனது, முள் நடுவில். ஏழரைக்கு மகள் கூப்பிட்டாள். "வண்டியில இருக்கேன்மா" என்றார், மதிலில் சாய்ந்துகொண்டு. எட்டு மணிக்கு மேடமே கண்ணாடியை இறக்கினார்.

"இன்னைக்குச் சூடு ஏறலையா?"

"சரி பண்ணிட்டாங்க மேடம்."

"ஓ" என்றார் மேடம், மாற்றல் உத்தரவு வாங்கியவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம். திங்கட்கிழமை அதற்கும் மேல். மூன்றாவது மாடியில், மேடம் வீட்டுப் பால்கனியில் விளக்கு எரிந்தது. ஒரு ஆள் தோளில் துண்டோடு வந்து, கீழே காரைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தார். விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அந்த ஆள் வந்து நின்றார். நியூட்ரல் மேலே பார்த்தார். குனிந்து கண்ணாடி வழியாக முள்ளைப் பார்த்தார். கோடு போட்ட மாதிரி நடுவில் இருந்தது. காரணம் கால் வலியாகவும் இருக்கலாம், கொசுவாகவும் இருக்கலாம். கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"மேடம், சூடு ஏறுது."

மேடம் முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டி முள்ளைப் பார்த்தார். ஃபைலில் கையெழுத்துப் போடும் முன் பார்க்கிற அளவு நேரம் பார்த்தார்.

"ஆமா" என்றார். "ஏறிடுச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஷெட்டுக்குத் திரும்பும் வழியில் போன் அடித்தது. நியூட்ரல் காரை ஓரமாக நிறுத்தினார். மகள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள்.

"வண்டியில இருக்கேன்மா" என்றார். அவள் வைக்கப் போனாள். "இரு. வீட்டுக்குப் போய் நானே கூப்பிடறேன்."

"சரிப்பா" என்றாள்.

ஷெட்டில் லாக் புத்தகத்தைத் திறந்தார். காத்திருப்பு: இருபத்தைந்து நிமிடம். காரணம்: வாகனம் சூடு. கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார். வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாரா என்று எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.