திருக்கைவால்

பெரிய வெள்ளிக்கு எங்கள் ஊரில் பாடுகளின் காட்சி நடிப்போம். கல்முனையிலிருந்து வயல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கும் சின்ன ஊர். இயேசுவைத் தூணில் கட்டி அடிக்கும் சேவகன் வேஷம் எட்டு வருடமாக எனக்குத்தான். மூஞ்சி அப்படி என்பார்கள். சாட்டைக்கு நூல் மருதமுனையிலிருந்து வரும். அங்கே தறி வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர், சாயம் பிழைத்துக் கழித்த நூலைத் தவக்காலம் தோறும் எனக்காக எடுத்து வைப்பார். அதைப் பின்னிச் சிவப்புச் சாயத்தில் தோய்த்து அடித்தால் முதுகெல்லாம் இரத்தம் போலிருக்கும். நோகவே நோகாது.

அந்த வருடம் இயேசு வேஷம் என் தங்கச்சியின் புருஷனுக்கு. அவன் அவளுக்கு அடிக்கிறவன் என்பது ஊருக்கே தெரியும். "வேஷம் கட்டினாலாவது திருந்துவான்" என்றார் பாதர். நாற்பது நாளும் அவன் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தின்னவில்லை, குடிக்கவில்லை. நானும் நம்பித் தொலைத்தேன்.

புதன்கிழமை ஒத்திகை. மாதாவின் பின்னால் அழுதுகொண்டு போகும் பெண்களில் தங்கச்சியும் ஒருத்தி. முக்காட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். தோட்டைப் பிடித்து இழுத்ததில் காது மடல் கிழிந்திருந்தது.

"ஒண்டும் கதைக்காதங்க அண்ணன். கோயில் காரியம் முடியட்டும்."

எனக்குக் கண்மண் தெரியவில்லை. மறுநாள் கல்முனைச் சந்தையில் காய்ந்த திருக்கைவால் ஒன்று வாங்கினேன். அந்த மீனின் வால் அரம் போல முள் நிறைந்தது. பட்ட இடத்தில் சதையையும் கூட்டிக்கொண்டுதான் வரும். மருதமுனை நூலுக்கு நடுவே அதை வைத்துப் பின்னினேன்.

பெரிய வெள்ளியன்று முதல் அடியிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் பார்த்து, "மச்சான்" என்றான் மெதுவாக. இரண்டாவது அடியில் தோள் பிளந்தது. வழமையாக ஏழு அடி. அன்று நான் எண்ணவில்லை. சாயத்தோடு சாயமாக இரத்தம் இடுப்பு வேட்டியில் இறங்கியது. அவன் கத்தியிருக்கலாம், கத்தவில்லை. சனம் மார்பில் அடித்து அழுதது. பாதியாட்கள் அழுதபடியே போனில் படம் பிடித்தார்கள். எனக்கு இனித்தது. பொய் சொல்லவில்லை, இனித்தது.

பெண்களோடு நின்ற தங்கச்சி மட்டும் அழவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, "வேணாம் அண்ணன், வேணாம்" என்றாள். புருஷன் மேலுள்ள இரக்கம் என்று நினைத்து இன்னும் ஓங்கினேன். முடிந்ததும் சாட்டையைக் கோயில் சாமான் அறைக்குள் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்கு அவன் வெள்ளைச் சட்டையில் வந்தான். ஆட்கள் எழும்பி இடம் விட்டார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைக் கொண்டுவந்து, தலையில் கை வைக்கச் சொன்னாள். என்னைப் பார்த்துச் சிரித்தான். நமக்கு விழ வேண்டிய அடிகளை ஆண்டவர் வாங்கிக்கொண்டார், இந்தத் திருநாளின் அர்த்தமே அதுதான் என்று பாதர் பிரசங்கம் வைத்தார்.

தங்கச்சி வரவில்லை. பிரசங்கம் முடியுமுன்னே அவள் வீட்டுக்கு ஓடினேன். அவள் குப்புறப் படுத்திருந்தாள். சட்டைத் துணி முதுகோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே திருக்கைவால் கிடந்தது. நூலையெல்லாம் உரித்து எடுத்திருந்தான்.

நான் பக்கத்தில் குந்தினேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"அண்ணன், அவர் போன்ல படத்தப் போட்டுப் பாத்துப் பாத்து எண்ணினவர்" என்றாள். "நீங்க அடிச்சதில ஒண்டையும் விடயில்ல."