பாதி வயிற்றுக்காரரின் களி

சாமல்பட்டி ஸ்டேஷனில் நான் கிளார்க்காக இருந்தபோது அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் இருந்தார். ஒடிசலான, நெட்டை மனிதர். புண் என்று அவர் வயிற்றில் பாதியை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் களியை மெல்லமாட்டோம், விழுங்குவோம். அவர் மட்டும் வீட்டிலிருந்து வரும் மதியக் களியில் எலுமிச்சங்காய் அளவு கிள்ளி, பார்ப்பவர்கள் சிரிக்கும்படி நெடுநேரம் மெல்லுவார். மிச்ச உருண்டை என் தட்டுக்கு வந்துவிடும்.

"வீட்டிலே சின்னதா உருட்டச் சொல்லலாமே?" என்றேன்.

"சின்னதா உருட்டுனா எம் பொஞ்சாதி அழுவுறா சார். தூக்குப்போசி காலியாத் திரும்பணும்."

ஒருநாள் அந்த அம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தார். கணவர் பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் கேட்டார்: "களி பதமா இருக்குதுங்களா சார்?"

மறுநாள் உருண்டை இன்னும் பெரிதாக இருந்தது. அவர் தன் பங்கைக் கிள்ளிக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் தள்ளினார்.