சிலிண்டர் வந்துச்சா மிஸ்

தம்பி பொண்டாட்டி போன வாரம் வாட்ஸப்புல ஒரு போட்டோ அனுப்பியிருந்தா. குழந்தைங்க விளையாடற பிளாஸ்டிக் கிச்சன். சொப்பு சாமான் இல்ல, நம்ம பீரோ அகலத்துக்கு பெருசு. அடுப்பு, சிங்க், குழாய், ஓவன், பக்கத்துல குட்டியா ஒரு ஃப்ரிட்ஜ். ரெட்டைப் பசங்களுக்குப் பொறந்தநாள் வருது, வாங்கலாமா அண்ணி, நீங்கதான் கம்பெனிக்கு இதே மாதிரி ஒண்ணு வாங்கினீங்களேன்னு கேட்டிருந்தா. எடுத்தவுடனே வேணாம்னு போட்டேன். ஏன்னு கேட்டா, இடத்தை அடைக்கும்னு சொன்னேன். அவங்க வீட்டு ஹால்ல ஒரு நிச்சயதார்த்தமே நடத்தலாம். அண்ணிக்கு வயித்தெரிச்சல்னு இந்நேரம் தம்பிகிட்ட சொல்லியிருப்பா. சொல்லிட்டுப் போகட்டும். நிஜத்தைச் சொல்றதை விட வயித்தெரிச்சல்னு பேர் வாங்கறது எவ்வளவோ தேவலை.

நான் ஆம்பூர் பக்கத்துல ஒரு ஷூ கம்பெனியில வெல்ஃபேர் ஆபீசர். காட்பாடியில ட்ரெயின் ஏறி தினம் போய்ட்டு வர்றேன். பேர்தான் ஆபீசர். கேன்டீன் சாம்பார்ல உப்பு கம்மின்னாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க, பாத்ரூம் குழாயில தண்ணி வரலைன்னாலும் என்னைத்தான். வேலைக்கு வர்ற பொம்பளைங்க குழந்தைங்களை விட்டுட்டுப் போறதுக்கு கேன்டீனுக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. க்ரெஷ்னு வாசல்ல எழுதியிருக்கும். அதுவும் என் தலையிலதான். பக்கத்துத் தெரு முஸ்லிம் அக்கா ஒருத்தங்க குழந்தைங்களைப் பாத்துக்கறாங்க. நான் தெனம் ஒரு வாட்டி எட்டிப் பாத்துட்டு வரணும். அவ்வளவுதான் வேலை.

ஆனா நான் எட்டிப் பாத்துட்டு வர்றதில்ல, உக்காந்துடுவேன். காரணம் ஒரு பொண்ணு. நாலு வயசு இருக்கும், அவங்க அம்மா தையல் செக்‌ஷன்ல மிஷின்ல உக்கார்றவங்க. இவ அந்த ரூம்ல ஓட்டல் நடத்திட்டு இருந்தா. ஷூவுக்குள்ள போடற அட்டையை வெட்டினா மிச்சம் விழும் பாருங்க, அதுதான் தோசை. ஷூ லேஸ் சேமியா. நூல் தீந்துபோன கோன் டம்ளர். நான் உள்ள நுழைஞ்சா போதும், "இன்னா மிஸ் வேணும், காரமா, காரம் கம்மியா?"ன்னு இடுப்புல கைய வெச்சிக்கிட்டு கேப்பா. காரமான்னு சொன்னா ரெண்டு கையாலயும் மொளகாப்பொடி அள்ளிப் போடுவா. சாப்ட்டுட்டு தண்ணி தண்ணின்னு நான் துடிக்கணும். துடிக்கலன்னா கோச்சுப்பா. மேல ஆபீஸ்ல எவ்வளவு பேச்சு வாங்கிட்டு வந்திருந்தாலும் அந்த தோசையைத் தின்னா எனக்கு சரியாய்டும்.

அந்த ஓட்டல்ல ஒருநாள் ஒரு பையன், லேஸ் ஓட்டைக்கு வெக்கற பித்தளை வளையத்தை மூக்குல விட்டுக்கிட்டான். எப்படி அது அட்டைத் துண்டோட வந்துச்சோ தெரியல. ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல எடுத்துட்டாங்க, ஒண்ணும் ஆகல. ஆனா அவன் அம்மா லைனை விட்டு அழுதுக்கிட்டே ஓடி வந்ததை மொத்த ஃப்ளோரும் பாத்துச்சு. ஹெச்.ஆர். மேனேஜர் சார் வந்தாரு. எல்லாத்தையும் பெருக்கித் தள்ளச் சொல்லிட்டாரு. தோசை, சேமியா, டம்ளர் எல்லாம் குப்பை வண்டியில போச்சு. தப்பு சொல்ல முடியாது. மறுநாள் போனா, குழந்தைங்க பாயில உக்காந்து செவுத்துல இருக்கற கரடிப் படத்தைப் பாத்துட்டு இருக்குதுங்க. அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து, ஓட்டலை எங்க மிஸ் வெச்சிருக்கீங்கன்னு கேட்டா. அக்கா அந்தப் பக்கம் திரும்பி, "பேஜாரா இருக்கு மேடம், இதுங்க மூஞ்சியைப் பாக்கவே முடியல"ன்னாங்க.

அந்த ஞாயித்துக்கிழமை வேலூர்ல ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன். சொப்பு செட்டுதான் வாங்கறதா இருந்தேன். உள்ள போனா அந்தப் பெரிய கிச்சன் நிக்குது. ஒரே வெள்ளையும் ரோஸுமா. அடுப்பைத் திருகினா டிக்குனு சத்தம் வருது, அடியில செவப்பா லைட்டு எரியுது. நான் திருகித் திருகிப் பாத்தேன். கடைக்காரப் பையன் எத்தனை வயசுக் குழந்தைக்கு மேடம்னு கேட்டான். எனக்கு வெக்கமாப் போச்சு, காலேஜ்ல படிக்கற பசங்களுக்கு அம்மா நான். ஆனா நெனப்பெல்லாம் வேற எங்கயோ இருந்துச்சு. இடுப்புல கைய வெச்சிக்கிட்டு இவ இதுக்கு முன்னாடி நின்னா எப்படி இருக்கும். சின்ன செட்டுன்னா ஒரே மாசத்துல கரண்டி ஒரு பக்கம் மூடி ஒரு பக்கம் போய்டும், திரும்பவும் எவனாவது வாயில போடுவான். இது பெருசு, நாலு குழந்தைங்க சுத்தி நிக்கலாம், முழுங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. இப்படியெல்லாம் எனக்கு நானே வக்கீல் மாதிரி வாதாடிக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சார்கிட்ட கேட்டேன். இதெல்லாம் எதுக்கு மேடம், நாலு பந்து வாங்கிப் போடுங்கன்னாரு. குழந்தைங்க பாவம்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பாக்க ஆரம்பிச்சிட்டாரு. அங்கதான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன்.

எங்ககிட்ட ஷூ வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிங்க அப்பப்போ ஆள் அனுப்பும், தொழிலாளிங்களை ஒழுங்கா வெச்சிருக்கோமான்னு பாக்க. ஆடிட்னு சொல்லுவோம். மத்த கம்பெனி சங்கதி எனக்குத் தெரியாது. எங்க கம்பெனியில அன்னைக்குன்னே ஒரு அலமாரி தெறக்கும். புது மாஸ்க்கு, புது கையுறை, க்ரெஷ்ல போடறதுக்கு புது பெட்ஷீட்டு எல்லாம் வெளிய வரும். அவங்க காரு கேட்டைத் தாண்டினதும் எல்லாம் மடிச்சு உள்ள போய்டும். ஆடிட் சாமான்னே அதுக்குப் பேரு. கல்யாண வீட்டுக்குக் கட்டற பட்டுப்புடவை மாதிரி. இது எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன், "ஆடிட்ல க்ரெஷ்ஷைப் போட்டோ எடுப்பாங்க சார். இது ஒண்ணு இருந்தா அந்த ரூமே வேற ரூமாய்டும்."

சார் மூஞ்சி மலர்ந்துடுச்சு. உடனே சரின்னுட்டாரு. அன்னைக்கு ட்ரெயின்ல ஜன்னலோரமா உக்காந்து எனக்குள்ளயே சிரிச்சிக்கிட்டு வந்தேன். ஆளை எப்படி மடக்கிட்டேன் பாத்தியான்னு. பொருள் உள்ள வந்துட்டா அப்புறம் யாரு எடுக்கப் போறான்னு நெனச்சேன். எந்த வாசல் வழியா உள்ள கொண்டாந்தேனோ அந்த வாசல்லதான் அது நிக்கும்னு எனக்கு உறைக்கல. மக்கு.

கிச்சன் வந்துச்சு. பாகமெல்லாம் பூட்டி முடிச்சதும் சார் வந்து பாத்தாரு, தடவிப் பாத்தாரு. கீறல் விழுந்துடும், ஆடிட் முடியட்டும்னாரு. எங்க தையல் செக்‌ஷன்லயே லைனிங் துணியில கவர் ஒண்ணு தைச்சு வந்து சேந்துச்சு. தைச்சது யாருன்னு நான் கேக்கல. ஆடிட் அன்னைக்குக் காலையில கவரை எடுத்ததும் அந்தப் பொண்ணு கிட்ட போய் அடுப்பை மெதுவா ஒரு திருகு திருகினா. லைட்டு எரிஞ்சுது. திரும்பி என்னைப் பாத்தா பாருங்க, அந்தப் பார்வைக்கு நான் இன்னும் நாலு சாரை மடக்குவேன். வந்த வெள்ளைக்காரம்மா முட்டி போட்டு உக்காந்து அவ கையால தோசை வாங்கித் தின்னாங்க. போட்டோ எடுத்தாங்க.

மத்தியானம் சார் போன் பண்ணினாரு. கவர் போட்டுடுங்க மேடம், அடுத்த ஆடிட் வர்றப்போ எடுத்துக்கலாம். நான் இல்ல சார், குழந்தைங்கன்னு ஆரம்பிச்சேன். அதான் அன்னைக்கு நீங்களே சொன்னீங்களே, போட்டோவுக்குன்னு, அப்படின்னாரு. சரி சார்னு போனை வெச்சிட்டேன். கேட்டிருக்கலாம். மேல எம்.டி. ரூமுக்குப் போயிருக்கலாம். போகல. ஐம்பது வயசுக்கு மேல இந்தப் பக்கம் வேற எவன் வேலை குடுப்பான்னு பயம், வேற ஒண்ணும் இல்ல.

க்ரெஷ்ஷுக்குப் போனேன். ஓட்டல்ல செம கூட்டம். அவ உப்புமா கிண்டிட்டு இருந்தா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. "கேஸ் தீந்துபோச்சு கண்ணு. சிலிண்டர் வந்ததும் சமைக்கலாம்"னு சொல்லிட்டேன். அவ அடுப்பைப் பாத்தா, என்னைப் பாத்தா. எங்க வீட்லயும் தீந்துபோச்சு மிஸ், அம்மா புக் பண்ணியிருக்குதுன்னு சொல்லிட்டு கரண்டியைக் கீழ வெச்சிட்டா. அழுதிருந்தா கூட எனக்கு தேவலையா இருந்திருக்கும். நம்பிட்டா. அக்கா கவரை விரிச்சாங்க.

அதுக்கப்புறம் என்னைப் பாத்தா அவ கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், சிலிண்டர் வந்துச்சா மிஸ்? நாளைக்கு வரும்பேன், லாரி வழியில நிக்குதும்பேன். பொய்க்கு மேல பொய். ஒரு கட்டத்துல நான் உள்ளயே போறதில்ல. வாசல்ல நின்னு எல்லாம் ஓகேவாக்கான்னு கேட்டுட்டு ஓடிடுவேன். ஒரு நாலு வயசுப் பொண்ணுக்கு பயந்து கேன்டீனைச் சுத்திக்கிட்டுப் போயிருக்கேன். சொல்லவே கேவலமா இருக்கு.

அடுத்த ஆடிட்டுக்கு சென்னையிலிருந்து ஒரு அம்மா வந்தாங்க, நம்ம தமிழ் பேசறவங்க. கவர் எடுத்தாச்சு, அடுப்புல லைட்டு எரியுது, இவ சுறுசுறுப்பா பூரி போட்டுட்டு இருக்கா. அந்தம்மா குனிஞ்சு, "பாப்பா, தெனமும் இதுல சமைப்பியா?"ன்னு கேட்டாங்க. கூட வந்த சாரோட சிரிப்பு அப்படியே மூஞ்சியில நின்னுடுச்சு. இவ சொன்னா, "கேஸ் வந்தா சமைப்பேன்."

அந்தம்மா நிமிந்து என்னைப் பாத்தாங்க. சும்மா பாக்கல, கேள்வியோடதான் பாத்தாங்க. ஒரு வார்த்தை போதும், நான் சொல்லியிருந்தா அந்தக் கவர் அன்னைக்கோட கிழிஞ்சிருக்கும். நான் சிரிச்சேன். நம்ம வீட்டு கேஸ் மாதிரியே இவளுக்கும் அடிக்கடி தீந்துபோய்டுது மேடம்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தம்மாவும் சிரிச்சுட்டு அடுத்த ரூமுக்குப் போய்ட்டாங்க. சார் போற போக்குல எனக்குக் கட்டை வெரலைக் காட்டிட்டுப் போனாரு.

சாயங்காலம் க்ரெஷ்ஷுக்குப் போனேன். போகாம இருந்தா அக்கா தலையில விழும், அந்த மட்டும் எனக்கு ரோஷம் இருந்துச்சு. என்ன பொய் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே போனேன். சொல்ல வேண்டிய வேலையே இல்ல. அவ தட்டெல்லாம் சிங்க்ல அடுக்கிட்டு இருந்தா. அடுப்பு அணைஞ்சிருந்துச்சு.

"அவங்க காரு போய்டுச்சா மிஸ்?"

போய்டுச்சுன்னேன்.

"அப்போ கேஸையும் எடுத்துட்டுப் போய்ட்டாங்க"ன்னா. குரல்ல குறை ஒண்ணும் இல்ல, பஸ்ஸு போய்டுச்சுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னா. கதவுக்குப் பின்னாடி மடிச்சு வெச்சிருந்த கவரை அவளே இழுத்துட்டு வந்தா. அவ உசரத்துக்கு அது ஜாஸ்தி, தரையில பொரண்டுச்சு. ஒரு முனையைத் தான் வெச்சிக்கிட்டு இன்னொரு முனையை எங்கிட்ட நீட்டினா.

"அந்தப் பக்கம் புடிங்க மிஸ்."

புடிச்சேன்.