அண்ணன் சொன்ன முதல் நிலை

எடை இயந்திரம் பழுது பார்ப்பவனுக்கு எங்கே போனாலும் ஒரே வரவேற்புதான்: "வாப்பா, எங்க எடையைக் கொஞ்சம் குறைச்சு விட்டுட்டுப் போ." புற்றுநோய்ப் பிரிவில் மட்டும் யாரும் அந்தக் கேலியைச் சொல்லவில்லை. அங்கே கிலோவைப் பார்த்துத்தான் மருந்தை அளக்கிறார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் இதே மருத்துவமனையில்தான் அவனுடைய வலது விதையை எடுத்தார்கள். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டி. வலி இல்லை என்று நான்கு மாதம் சும்மா இருந்தான். மருந்துக்கடை வைத்திருந்த அண்ணன்தான் ஸ்கேனுக்கு இழுத்து வந்தார். காகிதங்களையெல்லாம் அவரே வாங்கி வைத்துக்கொண்டார்.

"முதல் நிலைதான்டா. எடுத்தாச்சு, தொலைஞ்சுது. போய் வேலையைப் பாரு."

பார்த்தான். பார்க்க வந்த இடத்தில், இயந்திரத்துக்கு மேலே சுவரில் கீமோ பட்டியல். மூன்றாவது வரியில் அவன் பெயர், வயது. எதிரே சிவப்பு மையில்: வரவில்லை.

"சிஸ்டர், இது நான்தான்."

நர்ஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அட, நீதானா! உங்க அண்ணனுக்கு நாலு தடவை போன் போட்டாச்சு. இன்னிக்கு, நாளைக்குன்னு இழுக்கிறாரு." கோப்பை எடுத்தார். "ரத்தத்துல புத்துநோயைக் காட்டுற இந்த அளவு ஆபரேஷனுக்கு முன்னாடி அறுநூத்தி நாப்பது. வாரத்துக்கு வாரம் பாதியாகணும். ஐந்நூத்தி தொண்ணூறுலயே நிக்குது."

அதற்கு மேல் அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாரத்தை இறக்கிய பிறகும் முள் இறங்காவிட்டால், தட்டில் இன்னும் ஏதோ இருக்கிறது.

"எங்க இருக்கு?"

"வயித்துக்குப் பின்பக்கம், நிணநீர்க் கட்டிகள்ல. ரெண்டாவது நிலை. பயப்படாதே தம்பி, இந்த வகை கீமோவுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். ஆனா நாளைக் கடத்தாதே." அடுத்த தாளைப் புரட்டியவர் தயங்கினார். "மருந்து ஏத்தின பிறகு பிள்ளை பிறக்காமப் போகலாம், அதனால முன்னாடியே விந்து சேமிச்சு வைக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்காரு. 'ஒரு பொண்ணு இருக்கு, அது போதும்'னு உங்க அண்ணன் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

மனைவிக்குப் போன் செய்தான். "உனக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிறகு நின்றது.

"நீங்க தேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு உங்க அண்ணன்தான்..."

கட்டியாவது கையில் தட்டுப்பட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்தது. இவர்கள் இருவரும் தினமும் எதிரே உட்கார்ந்து, சிரித்த முகமாகச் சாப்பாடு பரிமாறியிருக்கிறார்கள்.

மனைவி சொல்லியிருக்க வேண்டும்; அரைமணி நேரத்தில் அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "டேய், உன் மனசு தாங்காதுன்னுதான்டா..."

"என் மனசு தாங்காது, சரி. இன்னொரு பிள்ளை வேணாம்னு சொன்னது யார் மனசு?"

டாக்டரின் அறைக்குள் கூப்பிட்டார்கள். பழக்கத்தில் அண்ணன் முன்னால் நடந்தார். அவன் அவரைத் தாண்டிப் போய்க் கதவைச் சாத்தினான்.

டாக்டர் புதிய படிவத்தை நகர்த்தி வைத்தார். "கூட யாராவது வந்திருக்காங்களா?"

கதவுக்கு வெளியே அண்ணனின் செருமல் தெளிவாகக் கேட்டது.

"யாரும் இல்ல டாக்டர்," என்று சொல்லிப் பேனாவை எடுத்தான்.